கூப்பிட்ட சொல்

தாமிரபரணிக் கரையில் ஒரு மடம் இருந்தது. மடம் என்றதும் யானை, பல்லக்கு என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டு அறை, ஒரு கூடம், கொல்லையில் நந்தியாவட்டைச் செடிகள், அதைத் தாண்டி ஆற்றுக்கு இறங்கும் படித்துறை. முன்வாசலைத் திறந்தால் தெரு. அவ்வளவுதான் மடம்.

அதை நடத்திவந்தவர் வெயிலுகந்தாள் அம்மை. பழம்பாட்டு ஒன்றுக்குப் பொருள் தட்டுப்படாவிட்டால் மூன்று ஊர் தாண்டியும் வண்டி கட்டிக்கொண்டு வந்து அவரிடம் கேட்பார்கள். அவர் மொச்சை உரித்துக்கொண்டே பதில் சொல்வார். சில புலவர்களுக்கு அதில் மனத்தாங்கல் உண்டு. பதில் சரியாக இருந்ததால் வாயை மூடிக்கொண்டு போனார்கள்.

நாறும்பூநாதன் அவரிடம் சீடராக வந்து சேர்ந்தபோது சீடருக்குத் தலை பாதி நரைத்திருந்தது, குருவுக்கு இன்னும் ஒரு முடிகூட நரைக்கவில்லை. தன்னைவிடச் சின்னவள் காலில் விழுவதா என்று வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்று யோசித்தார். பிறகு விழுந்தார். அவருக்கு இருந்த சந்தேகங்களைத் தீர்க்க வேறு ஆள் இல்லை.

நாறும்பூ என்றால் மணக்கும் பூ. அது பழைய பொருள். இந்தக் காலத்துக் காதுக்கு அது வேறு மாதிரி விழும், சிரிப்பார்கள். சிரித்தவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லிச் சொல்லித்தான் அவருக்குச் சொற்கள் மீது பைத்தியம் பிடித்தது என்று அவர் ஊரில் ஒரு பேச்சு உண்டு. காரணம் எதுவோ, மனிதர் பிள்ளைப் பிராயத்திலிருந்து ஒரு நிகண்டு எழுதிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சொல்லும் எங்கே பிறந்தது, எதனால் அந்தப் பெயர் வந்தது என்று அடிவரை தோண்டிப் பார்க்கிற நிகண்டு. மகளைக் கட்டிக்கொடுத்த மறுமாதமே சுவடிக் கட்டைத் தூக்கிக்கொண்டு மடத்துக்கு வந்துவிட்டார்.

அவருடைய ஆசை காவி கட்டுவது. வீடு, வாசல், உறவு எல்லாவற்றையும் விட்டுவிட்டால் மனம் தெளிந்த தண்ணீர் ஆகிவிடும், அதன் அடியில் சொற்களின் வேர் தெரியும் என்று உறுதியாக நம்பினார். அதற்காகவே காத்திருந்தார். அம்மையோ அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஒருநாள் காலை அவர் அம்மையின் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"ஒண்ணுதானா?"

"கணவன்ங்கிற சொல்லு எங்க இருந்து வந்தது?"

அம்மை ஒரு மொச்சையை உரித்துக் கிண்ணத்தில் போட்டார்.

"நீரு என்ன நினைக்கீரு?"

"கண்ணு மாதிரி இருக்கவன், அதனால கணவன்னு சிலபேரு சொல்லுதாங்க. எனக்கு அது ஒப்பல. கேட்க நல்லா இருக்குங்கறதுக்காக ஒத்துக்கிட முடியுமா? கொழுநன், கேள்வன், நாயகன், துணைவன் எல்லாத்துக்கும் ஏதோ ஒரு வழி கண்டுட்டேன். இது ஒண்ணுதான் பிடி கொடுக்க மாட்டேங்குது."

"உம்மை வீட்டுல என்ன சொல்லிக் கூப்பிடுவாங்க?"

"யாரும்மா?"

"யாரா? உமக்கு எத்தனை வீடு?"

நாறும்பூநாதன் அசடு வழிந்தார். "ஆவுடையா? அவ... அது ஒரு சொல்லே இல்லம்மா. இங்கேருங்கன்னு கூப்பிடுவா. ஊர்ல எல்லாப் பொம்பளைகளும் சொல்லுததுதான். நிகண்டுல சேராது."

"கூப்பிட்டா திரும்புவீரா?"

"என்னன்னு கேப்பேன்."

"திரும்பிக் கேப்பீரா?"

"எழுதிக்கிட்டே கேப்பேன். அதுலதாம்மா வம்பே." மனிதருக்கு வெகுநாள் குறை வாய்க்கு வந்துவிட்டது. "சாயங்காலமானா போதும், இங்கேருங்கம்பா. என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லம்பா. தெனமும் இதே பாடு. நான் ஒரு சொல்லைப் பிடிச்சு அதோட வேர் வரைக்கும் போயிருப்பேன், சரியா அந்த நேரம் பாத்துக் கூப்பிடுவா. எல்லாம் அந்துபோகும். ஒண்ணுமில்லாததுக்குக் கூப்பிடுத ஆளோட இருந்துக்கிட்டு நிகண்டு எழுத முடியுமா, நீங்களே சொல்லுங்க."

அம்மையின் கை நின்றது.

"தெனமும் ஒரே நேரமா?"

"ஒரே நேரம். விளக்கு வைக்கதுக்குக் கொஞ்சம் முன்னால."

"அந்த நேரத்துல உம்ம தெருவுல என்ன நடக்கும்?"

"என்ன நடக்கும்? மேயப் போன மாடு திரும்பும். பிள்ளைக கூப்பாடு போடும். பூக்காரி கூவிக்கிட்டே போவா. ஒரே சத்தம்."

அம்மை அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மறுபடியும் மொச்சையை எடுத்தார்.

"கேள்விக்குப் பதில் சொல்லலையே அம்மா."

"காவி கட்டணும்னு இருக்கீரா இன்னும்?"

நாறும்பூநாதன் சற்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "இருக்கேன்."

"மடத்து வழக்கம் தெரியும்ல?"

தெரியும். மனைவி உள்ளவன் அந்த மடத்தில் காவி கட்ட வேண்டுமானால், அவள் படித்துறையில் நின்று, அவன் பெயரைத் தன் வாயால் சொல்லி, இவரை விட்டுக்கொடுத்தேன் என்று ஆற்றுக்குக் கேட்கச் சொல்ல வேண்டும். அவள் சொல்லாவிட்டால் காவி இல்லை. பெயர் எதற்கு என்று முன்னொரு காலத்தில் யாரோ கேட்டதற்கு, எந்த ஆளை விடுகிறாள் என்று ஆற்றுக்குத் தெரிய வேண்டாமா என்று அப்போதைய குரு பதில் சொன்னாராம்.

"அப்ப வீட்டுக்குச் சேதி சொல்லி அனுப்பும்" என்றார் அம்மை. "அவங்க வரட்டும். உம்ம கேள்விக்கும் அன்னைக்கே பதில் பாத்துக்கிடலாம்."

அம்பாசமுத்திரத்துப் பக்கம் போகிற வண்டிக்காரரிடம் நாறும்பூநாதன் சேதி சொல்லி அனுப்பினார். அனுப்பியதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆவுடை வருவாளா, வந்தால் என்ன சொல்வாள்? அழுதால் சொல்ல ஒரு பதில் வைத்திருந்தார். ஏசினால் சொல்ல வேறொன்று. மகளைப் பேச்சில் இழுத்தால் அதற்கும் ஒன்று. கொல்லையில் நடந்துகொண்டே அவற்றைச் சொல்லிப் பார்ப்பார். அம்மை ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "செடிக்குப் பாடம் நடக்குதா?" என்று கேட்டார். அவர் வெட்கத்தோடு ஆற்றுப் பக்கம் போய்விட்டார்.

ஆவுடையம்மாள் ஒரு பிற்பகலில் வந்து இறங்கினாள். கையில் ஒரு தூக்குவாளியும் துணிப்பையும் இருந்தன. அழவில்லை, ஏசவில்லை. வந்ததும் வாளியைக் கூடத்தில் வைத்தாள்.

"சுக்குப்பொடி இருக்கு. வாயுத் தொந்தரவு இருக்குல்லா உங்களுக்கு. காவி கட்டினாலும் வயிறு அதே வயிறுதானே."

நாறும்பூநாதன் தயார்செய்து வைத்திருந்த பதில்கள் எதுவும் இதற்குப் பொருந்தவில்லை. "ம்" என்றார்.

அம்மை எழுந்து வந்தார். "வாங்கக்கா. வெயில்ல வந்திருக்கிய, மோர் குடிங்க."

குரு தன்னை அக்கா என்று கூப்பிட்டதில் ஆவுடைக்குக் கை கால் ஓடவில்லை. கும்பிட வந்த கையில் மோர்ச் செம்பைக் கொடுத்துவிட்டார் அம்மை. அவள் குடித்து முடித்துக் கொஞ்சம் ஆசுவாசப்பட்டதும், "அக்கா, கொல்லையில பூக்கூடை இருக்கும், கொஞ்சம் எடுத்தாங்களேன். சாயங்காலப் பூசைக்கு வேணும்" என்றார்.

"எந்தக் கூடைம்மா? செடியில பறிச்சுப் போடுவிகளே, அந்தக் கூடையா?"

"ஆமா, பூக்கூடை."

"சரிம்மா. அந்தக் கூடை."

அவள் போய்க் கூடையோடு திரும்பினாள். அம்மை அதை வாங்கவில்லை.

"செடியில என்ன பூத்திருக்கு?"

"நந்தியாவட்டைம்மா."

"நந்தியாவட்டைன்னா என்னது?"

ஆவுடை தயங்கினாள். "அதான், வெள்ளையா... நந்தியாவட்டையேதான்."

நாறும்பூநாதன் கூடத்துத் தூணில் சாய்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பாவமாக இருந்தது. ஒரு நிகண்டுக்காரனோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் ஒரு பூவைப் பூ என்று சொல்ல வரவில்லையே இவளுக்கு என்று நினைத்தார். நல்லவேளையாக அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

அம்மையின் உதட்டில் ஒரு சிரிப்பு வந்து போனது. எதற்கு என்று அவருக்கு விளங்கவில்லை.

வெயில் தாழ்ந்ததும் மூன்று பேரும் படித்துறைக்கு இறங்கினார்கள். மடித்த காவி வேட்டி ஒரு தாம்பாளத்தில் இருந்தது. நாறும்பூநாதன் அதையே பார்த்துக்கொண்டு இறங்கினார். இன்னும் ஒரே ஒரு வாக்கியம். அதை அவள் சொல்லிவிட்டால் போதும்.

"அக்கா, எதுக்கு வந்திருக்கியன்னு தெரியும்லா?" என்று கேட்டார் அம்மை.

"தெரியும்மா."

"உங்களுக்குச் சம்மதமா? மனசுல உள்ளதைச் சொல்லுங்க. வேண்டாம்னு சொன்னா ஒருத்தரும் உங்களை ஒண்ணும் கேக்க முடியாது."

ஆவுடை ஆற்றைப் பார்த்தாள். "போகணும்னு கிளம்பின ஆளைக் கையைப் பிடிச்சு வச்சுக்கிட முடியுமாம்மா? வீட்டுல இருந்தப்பவும் இவுக அந்தச் சுவடிக் கட்டுக்குள்ளதான் இருந்தாக. எனக்குச் சம்மதம்."

அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. நாறும்பூநாதனுக்குச் சந்தோஷம் பொங்கியிருக்க வேண்டும். பொங்கவில்லை. கொஞ்சமாவது அழுதிருக்கலாமே என்று தோன்றியது. காவி கட்டப் போகிறவனுக்கு இது என்ன நினைப்பு என்று தன்னையே கடிந்துகொண்டார்.

"அப்ப அவரு பேரைச் சொல்லி, இவரை விட்டுக்கொடுத்தேன்னு சொல்லுங்க" என்றார் அம்மை.

ஆவுடை திடுக்கிட்டாள். "பேரையா?"

"ஆமா. வழக்கம் அது."

"பேரு எப்படிம்மா சொல்லுவேன்?"

இதை நாறும்பூநாதன் யோசிக்கவே இல்லை. அழுகைக்குப் பதில் வைத்திருந்தவர், ஏச்சுக்குப் பதில் வைத்திருந்தவர், இதை மறந்துவிட்டார். புருஷன் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் அவர்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணுக்கும் கிடையாது. சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பார்கள். சந்தையில் யாராவது வீட்டுக்காரர் பெயர் கேட்டால், பக்கத்தில் நிற்கிற பெண்ணைச் சொல்லச் சொல்லுவார்கள்.

"ஒரு தடவைதான் ஆவுடை" என்றார் அவர். "நானே சொல்லுதேன்ல, சொல்லு. தோஷம் ஒண்ணும் கிடையாது."

அவள் வாயைத் திறந்தாள். நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது. முகம் வேர்த்துவிட்டது. மறுபடியும் முயன்றாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினாள்.

"வராதும்மா. அடுத்தவங்க சொன்னாலே எனக்குக் காது கூசும். வேற எப்படியாவது சொல்லுதேன்." கையை நீட்டிச் செடிகளைக் காட்டினாள். "அந்தச் செடியில இருக்குல்லா, அது. அதுக்கு முன்னால கொஞ்சம், பின்னால கொஞ்சம். போதாதாம்மா?"

அம்மை வாய்விட்டுச் சிரித்தார். ஆவுடைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நாறும்பூநாதன் மட்டும் தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆற்றுக்குக் கேட்க வேண்டுமே, இவளானால் செடியைக் காட்டுகிறாள்.

"ஆத்துக்குக் கண்ணு கிடையாது அக்கா. காதுதான்" என்றார் அம்மை. "பரவாயில்ல, உக்காருங்க. மெதுவாச் சொல்லலாம்."

ஆவுடை படியில் உட்கார்ந்தாள். காலைத் தண்ணீரில் விட்டாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்" என்றாள் ஆவுடை.

"கேளுங்க."

"இவுக காவி கட்டினப்பொறம் நான் தலைக்கு வைக்கலாமா, கூடாதா? ஊர்ல ஆளுக்கு ஒண்ணு சொல்லுதாங்க. ஆளு இருக்கும்போது வைக்கலாம்னு ஒருத்தி சொல்லுதா. ஆளு இருந்தும் இல்லாத மாதிரிதான, வைக்கக் கூடாதுன்னு ஒருத்தி சொல்லுதா. வண்டியில வரும்போதெல்லாம் எனக்கு இதே யோசனைதான்."

அம்மை பதில் சொல்வதற்குள் நாறும்பூநாதன் முந்திக்கொண்டார்.

"உனக்குத்தான் அது பிடிக்காதே?"

"எது?"

"பூ."

ஆவுடை திரும்பி அவரைப் பார்த்தாள். "யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? நீ ஒருநாளும் பூ வாங்கிட்டு வாங்கன்னு கேட்டதில்லையே."

அவள் மறுபடியும் தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நாறும்பூநாதன் தான் சொன்னதையே மறுபடி ஒருமுறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். பூ வாங்கிட்டு வாங்க. கூடை. செடியில பறிச்சுப் போடுவிகளே, அந்தக் கூடை. வெள்ளையா, நந்தியாவட்டையேதான். முன்னால கொஞ்சம், பின்னால கொஞ்சம்.

அவர் உட்கார்ந்தார். படி ஈரமாக இருந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

"ஆவுடை, நீ அந்தச் சொல்லையே சொன்னதில்லையா?"

"எப்படிச் சொல்ல?"

"கல்யாணம் ஆன நாள்ல இருந்தா?"

"நிச்சயம் பண்ணின நாள்ல இருந்து. எங்க ஆத்தா சொல்லிட்டா, இனிமே அது உன் வாயில வரக்கூடாதுன்னு."

"மல்லி, பிச்சின்னு பேரைச் சொல்லிக் கேட்டிருக்கலாமே?"

"ஒருதடவ கேட்டேனே. மல்லி வாங்கிட்டு வாங்கன்னு. கொத்தமல்லி விதை ஒரு படி அளந்து வாங்கிட்டு வந்திய. எதையோ முணுமுணுத்துக்கிட்டே வச்சிட்டுப் போயிட்டிய. பெறகு வெள்ளி, செவ்வாயெல்லாம் வீட்டுல மல்லி ரசம்தான்."

அம்மை முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிக்கிறாரா இல்லையா என்று தெரியவில்லை.

"அதுக்குப் பெறகாவது..." என்று இழுத்தார் நாறும்பூநாதன். "அதுக்குப் பெறகாவது என்னைக் கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டேனே."

"எப்ப?"

"தெனமும்தான். சாயங்காலம் கூவிக்கிட்டு வருவாளே, அவ நம்ம வாசல்ல கூடையை இறக்கி வச்சுட்டு நிப்பா. நான் உங்களைக் கூப்பிடுவேன்."

"கூப்பிட்டுட்டு ஒண்ணுமில்லன்னுல்லா சொல்லுவ?"

"நீங்க என்னன்னு கேப்பிய. குனிஞ்சிக்கிட்டே கேப்பிய. கொஞ்சம் நிமிந்திருந்தியன்னா கையைக் காட்டியிருப்பேன். நிமிராத ஆளுக்கு என்னத்தைக் காட்ட? அவளும் எவ்வளவு நேரம்தான் நிப்பா, பாவம். கூடையைத் தூக்கிக்கிட்டுப் போயிருவா. நான் ஒண்ணுமில்லம்பேன்."

"நீயே ஒரு முழம் வாங்கியிருக்கலாம்லா ஆவுடை. வீட்டுல சில்லறை உன் கையிலதான இருந்தது?"

"நான் வாங்கினா அது நான் வாங்கினது."

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். அவருக்குத்தான் உடம்பு பூராவும் வெட்கம் பரவியது. சொல்லின் வேரைத் தேடி எத்தனை ஊருக்குப் போயிருப்பார், எத்தனை பேர் வாசலில் நின்றிருப்பார். சொந்த வீட்டில் ஒருத்தி ஒரு சொல்லை வாயில் போட்டுப் பூட்டிவைத்திருந்தது தெரியவில்லை. அதுவும் அவர் பெயருக்காக. மகள் கல்யாணத்தில் இவள் தலையில் பூ இருந்ததா என்று நினைத்துப் பார்த்தார். இருந்திருக்கும். கட்டாயம் இருந்திருக்கும். ஆனால் நினைவில் வரவில்லை. அவள் முடி எப்போது இவ்வளவு நரைத்தது என்பதும் நினைவில் வரவில்லை.

அழுகை வரும்போல இருந்தது. அதை மறைக்க அம்மையின் பக்கம் திரும்பினார்.

"அம்மா, இவ பேரைச் சொல்லப் போறதில்ல. இனி என்ன செய்யணும்?"

"உம்ம கேள்வி ஒண்ணு பாக்கி இருக்கே."

"எந்தக் கேள்வி?"

"புருஷனைச் சொல்லுத சொல்லுக்கு வேர் என்னன்னு கேட்டீரே."

"இப்ப எதுக்கும்மா அது?"

"பதில் தரேன்னு சொல்லியிருந்தேன்லா. நீரு பெரிய நிகண்டுக்காரரு. அவங்க உம்மைக் கூப்பிடுத சொல்லு இருக்கே, அதுக்குப் பொருள் சொல்லும்."

"இங்கேருங்கவா? அது..."

"சொல்லு இல்லன்னு சொன்னீரு. ஞாபகம் இருக்கு. பொருளைச் சொல்லும்."

எந்தச் சொல்லைக் கேட்டாலும் கேட்டு முடிப்பதற்குள் பொருள் சொல்லிப் பழகிய வாய் அது. அந்தப் பழக்கத்தில் சட்டென்று ஆரம்பித்தார். "இங்கே பாருங்க. அது பேச்சுல தேஞ்சு..."

அங்கேயே நின்றுவிட்டது.

ஆற்றில் யாரோ அக்கரையில் துணி அடிக்கிற சத்தம் கேட்டது. ஆவுடை தண்ணீரிலிருந்து காலை எடுத்து, புடைவையின் ஓரத்தைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

அவர் தாம்பாளத்தைப் பார்த்தார். வேட்டி மடித்தபடி இருந்தது. அதன் மேல் ஆசை இன்னும் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

"காவி, அம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அம்மை குனிந்து தாம்பாளத்தை எடுத்துக்கொண்டார்.

"இது எங்கயும் போகாது, உள்ளதான் இருக்கும். எல்லாத்தையும் விட்டுட்டேன்னு சொல்லிக்கிட்டு வந்தீரே புலவரே, பாக்காத ஒண்ணை எப்படி விடுவீரு?"

அம்மை பதிலுக்குக் காத்திருக்கவில்லை. படியேறி, கொல்லை வழியாக உள்ளே போய்விட்டார். விளக்கு வைக்கிற நேரம் நெருங்கியிருந்தது.

படித்துறையில் இரண்டு பேரும் தனியாக இருந்தார்கள். அவர் குனிந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஆயிரக்கணக்கில் சொற்கள் இருந்தன, ஒன்றும் உதவிக்கு வரவில்லை.

மடத்துக்கு அந்தப் பக்கம், தெருவில், ஒரு குரல் கேட்டது. "பிச்சி... மல்லீய்... பூவே..." என்று இழுத்துக் கூவிக்கொண்டே வந்து, மடத்து வாசலில் நின்றது.

"இங்கேருங்க" என்றாள் ஆவுடை.

என்ன என்று கேட்பதற்கு அவர் வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டார். நிமிர்ந்து அவள் பக்கம் திரும்பினார்.

அவள் கை தெருவைக் காட்டிக்கொண்டிருந்தது.